உரோமைக்கு உகந்த பருவம்

சில வாரங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் துணைவியாருடன் வந்து நின்றார். பணி ஓய்வுக்குப் பின் கிடைத்த தொகையில் ஒரு பகுதியை எடுத்து வைத்திருப்பதாகவும், வாழ்நாளில் ஒருமுறை உரோமை நகரைக் கண்டுவிட வேண்டும் என்று விரும்புவதாகவும் சொல்லிவிட்டு, “எந்த மாதம் போனால் நல்லது, சாமி?” என்று கேட்டார். “அக்டோபர் போங்கள், இல்லையெனில் ஏப்ரல் போங்கள்” என்று சட்டெனச் சொல்லி அனுப்பிவிட்டோம். அறைக்குத் திரும்பிய பின்னரே, அந்தக் கேள்விக்கு எத்துணை நீண்ட வரலாறு உண்டு என்பது நினைவிற்கு வந்தது. இன்று இக்கேள்வி வசதியைப் பற்றியது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் அது உயிரைப் பற்றியதாக இருந்தது.

பண்டைய உரோமையர் காய்ச்சலுக்கென்றே ஒரு பெண் தெய்வத்தை வைத்திருந்தனர். பெப்ரிஸ் என்பது அவள் பெயர். பலத்தீன் குன்றில் அவளுக்குக் கோயிலும் இருந்தது. அருள் பொழிய வேண்டும் என்பதற்காக அன்று, அணுகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அவளை வணங்கினர். கவிஞர் ஹோரேஸ் தம் புரவலருக்கு எழுதிய மடலொன்றில், ஆகஸ்டு மாதத்திலும் அத்திப்பழம் கனியும் காலத்திலும் தம்மை நகருக்கு எதிர்பார்க்க வேண்டா என்று சாக்குச் சொல்கிறார். அம்மாதங்களில் பிணப்பெட்டிகளுக்கும் உயில்களுக்கும்தான் நகரில் வேலை என்பது அவர் கருத்து. கவிஞர் மிகைப்படுத்தியிருக்கலாம் என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் அவர் பக்கம் நிற்கும் சாட்சிகளை நம் முன்னோர்களாகிய தொடக்கக்காலக் கிறிஸ்தவர்களே விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

உரோமைப் பிறசமயத்தவர் கல்லறைகளில் பொதுவாக இறந்தவரின் வயதைப் பொறித்தனர். கிறிஸ்தவர்களோ, இறந்த அல்லது அடக்கம் செய்யப்பட்ட நாளையும் பொறித்தனர். விண்ணகப் பிறப்பு நாள் அதுவே என்பது அவர்தம் நம்பிக்கை. ஆண்டுதோறும் அந்நாளில் கூடிச் செபிப்பதற்கு நாள் தெரிந்திருக்க வேண்டும் அன்றோ! நம்பிக்கையின் பொருட்டு அவர்கள் செதுக்கிய அந்தத் தேதிகள், பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பின் மருத்துவ வரலாற்றறிஞர்களுக்குப் புதையலாக வாய்த்தன. சுரங்கக் கல்லறைகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் கிடைத்த ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளை மாதவாரியாக எண்ணிப் பார்த்தபோது, ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் ஆகிய மூன்று மாதங்களில் சாவு எண்ணிக்கை மலைபோல் எழுவது தெரியவந்தது. முதியவர்களைப் பனிக்காலம் கொண்டுபோவது எந்நாட்டிலும் இயல்பு. இங்கோ வாலிப வயதினரும் கோடையின் இறுதியில் கொத்துக் கொத்தாக மடிந்திருக்கின்றனர். திபேர் ஆற்றின் தாழ்நிலங்களிலும், நகரைச் சூழ்ந்த கம்பாஞ்ஞா வெளியிலும், தெற்கே பொன்தீன் சதுப்புகளிலும் பிறந்த மலேரியாவே இதன் முதன்மைக் காரணம் என்பர்.

இப்பருவத்தை அறியாமல் வந்தவர்களின் கதை துயரமானது. 1167-ஆம் ஆண்டு கோடையில் செருமானியப் பேரரசர் பிரடெரிக் பார்பரோசா பெரும் படையுடன் உரோமைக்குள் நுழைந்தார். திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் தப்பியோட, பேரரசர் தமக்கு வேண்டிய எதிர்த்திருத்தந்தையை அரியணையில் அமர்த்தினார். வெற்றி முழுமையாகத்தான் இருந்தது. ஆகஸ்டு தொடக்கத்தில் கனமழை பெய்தது. அதன்பின் கொளுத்தும் வெயில் வந்தது. சில நாள்களுக்குள் படைவீடுகளில் கொள்ளைநோய் பரவியது. பேரரசரின் வலக்கையாக விளங்கிய கொலோன் பேராயர் ரைனால்டு ஆகஸ்டு 14 அன்று இறந்தார். படை சிதைந்தது, பேரரசர் வடக்கே பின்வாங்கினார். அது வயிற்றுக்கடுப்பா, மலேரியாவா, இரண்டும் சேர்ந்தா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அக்காலத் திருச்சபை எழுத்தாளர்களுக்கு அத்தகைய ஐயம் எதுவும் இல்லை. எருசலேமை முற்றுகையிட்ட செனகெரிபின் படையை ஆண்டவரின் தூதர் அழித்தது போன்றதே இதுவும் என்று அவர்கள் எழுதினர்.

இவ்விளக்கத்தை அப்படியே ஏற்க நமக்குத் தயக்கம் உண்டு. கொசு, திருத்தந்தையின் பக்கமும் பேரரசரின் பக்கமும் பார்த்துக் கடிப்பதில்லை. 1590-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 அன்று திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் காய்ச்சலால் இறந்தார். அவருக்குப் பின் செப்டம்பர் 15-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழாம் உர்பான், முடிசூட்டு விழாவும் காணாமல், இரு வாரங்கள்கூட நிறையாமல் செப்டம்பர் 27-இல் அதே காய்ச்சலுக்கு இரையானார். திருத்தந்தையர் வரலாற்றில் மிகக் குறுகிய பணிக்காலம் அவருடையதே. 1623-ஆம் ஆண்டு சூலை 8-இல் பதினைந்தாம் கிரகோரி இறந்தபோது, கர்தினால்கள் கடுங்கோடையில் அடைத்த கதவுகளுக்குள் கூட வேண்டியதாயிற்று. பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர், உடனிருந்த பணியாளர்களின் நிலை அதனினும் மோசம். ஆகஸ்டு 6-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டாம் உர்பானும் காய்ச்சலில் படுத்துவிட்டதால், முடிசூட்டு விழா செப்டம்பர் 29 வரை தள்ளிப்போயிற்று. தலைமைப் பீடம் காலியாவதற்கு நல்ல மாதம், கெட்ட மாதம் என்று யார் தேர்ந்தெடுக்க முடியும்?

ஆதலால் உயரத்தைத் தேடினர். வத்திக்கான் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த பகுதியில் இருக்கிறது. அதன் காற்று நச்சுக்காற்று என்று அஞ்சி, திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி 1583-இல் குயிரினால் குன்றின்மேல் கோடை இல்லம் எழுப்பத் தொடங்கினார். (மேலே சொன்ன ஐந்தாம் சிக்ஸ்துஸ் அந்தக் குன்றின் மாளிகையிலேயே இறந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.) காய்ச்சலிலிருந்து மீண்ட எட்டாம் உர்பானோ நகரையே விட்டு விலகி, அல்பான் குன்றுகளில் ஏரிக்கரையின் மேல் அமைந்த கஸ்தெல் கந்தோல்போவில் 1626 முதல் கோடையைக் கழித்தார். அவ்வழக்கம் இடைவெளிகளுடன் நம் காலம் வரை நீண்டது. திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே தங்குவதை விட்டுவிட்டார். 2016-இல் அம்மாளிகை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 கோடையில் மீண்டும் அவ்வூருக்குச் சென்று தங்கினார்.

‘மால் ஆரியா’ என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள். நோயின் பெயரே தவறான காரணத்தைத் தாங்கி நிற்கிறது. எனினும் அக்கால மக்கள் கடைப்பிடித்த முறைகள் பெரும்பாலும் சரியானவை என்பது நமக்கு வியப்பளிக்கிறது. மாலை மயங்கியதும் சன்னல்களை அடைத்தனர். சதுப்பு நிலத்தை இரவில் கடப்பதைத் தவிர்த்தனர். குன்றின்மேல் உறங்கினர். கெட்ட காற்றை அடைத்ததாக எண்ணியவர்கள் உண்மையில் கொசுவை அடைத்தார்கள். மருந்தும் ஏறத்தாழ அப்படியே வந்தது. பெரு நாட்டிலிருந்து இயேசு சபையார் கொணர்ந்த சின்கோனா மரப்பட்டையை, அச்சபையைச் சேர்ந்த கர்தினால் ஹுவான் தெ லூகோ 1640-களில் உரோமை ஏழைகளுக்கு வழங்கச் செய்தார். வத்திக்கானுக்கு அருகிலுள்ள தூய ஆவியார் மருத்துவமனையில் அது புகழ்பெற்றது. எப்படிக் குணமாக்குகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. குணமாக்கியது என்பது மட்டும் தெரிந்தது.

உண்மைக் காரணம் வெளிப்பட்டதில் நம் நாட்டிற்கும் ஒரு பங்கு உண்டு. 1880-இல் அல்சீரியாவில் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் நோயாளியின் குருதியில் கிருமியைக் கண்டார். 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் அக்கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டே உரோமையில் ஜொவான்னி பத்திஸ்தா கிராசியும் தோழர்களும், அனோபிலிஸ் இனக் கொசுவே மனிதருக்கு நோயைக் கொண்டுசெல்கிறது என்பதை மெய்ப்பித்தனர். 1902-இல் நோபெல் பரிசு ராஸ் ஒருவருக்கே வழங்கப்பட்டது. கிராசிக்கு அது இறுதிவரை ஆறாத புண். பொன்தீன் சதுப்பை வற்றச்செய்யப் பதினெட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை ஆறாம் பயஸ் முயன்றும் முடியாதது, 1930-களில் முசோலினியின் ஆட்சியில் கால்வாய்களாலும் நீரேற்றும் பொறிகளாலும் பெருமளவு முடிந்தது. உலகப்போருக்குப் பின் டி.டி.டி. மருந்து எஞ்சிய கொசுக்களை ஒடுக்கியது. 1970-இல் இத்தாலி மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது. ஆக, கோடையில் உரோமைக்கு அச்சமின்றிப் போகலாம் என்ற நிலை ஏற்பட்டு அறுபது ஆண்டுகள்கூட முழுமையாகவில்லை.

இதை மனத்தில் கொண்டால், பழைய பயணிகளின் நாள்காட்டி நமக்கு விளங்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் வடநாட்டுச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ஆல்ப்சு மலையைக் கடந்து, இலையுதிர் காலத்தின் முதல் மழை நிலத்தைக் குளிர்வித்த பின்னரே உரோமைக்கு வருவர். கிறிஸ்து பிறப்பு விழாவும் தவக்காலத்திற்கு முந்திய களியாட்டமும் புனித வாரமும் காண்பர். வெயில் முதிருமுன் வடக்கே திரும்பிவிடுவர். அவர்களுக்கு உரோமையின் பருவம் குளிர்காலமே. கவிஞர் கேத்தே 1786 அக்டோபர் இறுதியில் வந்து சேர்ந்தார். அனைத்துப் புனிதர் பெருவிழாவை நகரிலேயே காண வேண்டுமென்று வழியில் பல ஊர்களை விரைந்து கடந்து வந்தவர், எதிர்பார்த்த பெருங்கொண்டாட்டம் இல்லாததைக் கண்டு சற்று ஏமாந்தார். பெரும்பான்மையோர் அஞ்சிய கோடையையும் அவர் அடுத்த ஆண்டில் அங்கேயே துணிந்து கழித்தார் என்பது தனிச்செய்தி. ஆங்கிலக் கவிஞர் கீட்சு, நோயுற்ற நுரையீரலுக்கு உரோமையின் இளங்குளிர் நலம் தரும் என்ற மருத்துவர் சொல் கேட்டு 1820 நவம்பரில் வந்தார். பருவம் சரியானதே, காலம்தான் கடந்துவிட்டிருந்தது. 1821 பிப்ரவரி 23 அன்று இசுபானியப் படிகளை ஒட்டிய சிறு அறையில் இறந்தார். அகவை இருபத்தைந்து. அந்த வீட்டை இன்றும் காணலாம்.

உல்லாசப் பயணி பருவத்தைத் தேர்ந்தெடுக்கிறான். திருப்பயணி நிலை வேறு. அவனைப் பருவம் தேர்ந்தெடுக்கிறது. 1300-ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தபோது, உரோமை மக்கள் முப்பது நாள்களும், வெளியூரார் பதினைந்து நாள்களும் தூய பேதுரு, தூய பவுல் பேராலயங்களைச் சந்திக்க வேண்டும் என்று விதித்தார். ஆல்ப்சுக்கு அப்பாலிருந்து நடந்து வரும் ஓர் உழவன் எந்த மாதத்தில் வந்து சேர்வான்? பனி உருகிய பின் புறப்பட்டால் கோடையில்தான் சேர முடியும். அதாவது காய்ச்சல் நகரைத் தின்னும் வேளையில். 1450 யூபிலியில் கோடையில் கொள்ளைநோய் தலையெடுத்தது; திருத்தந்தை ஐந்தாம் நிக்கொலாஸே நகரை நீங்கி மலையூர்களுக்குச் சென்றார். நோய் தணிந்து, குளிர்காலத்தில் மீண்டும் கூட்டம் பெருகியபோது வேறோர் இடர். டிசம்பர் 19 அன்று தூய பேதுரு பேராலயத்திலிருந்து திரும்பிய மக்கள் வெள்ளம் சந்த் ஆஞ்செலோ பாலத்தில் நெருக்குண்டு, மிதியுண்டும் ஆற்றில் விழுந்தும் ஏறக்குறைய 170 பேர் மாண்டனர். பாலத்தை நெருக்கி நின்ற வீடுகளைத் திருத்தந்தை பின்னர் இடித்து அகற்றினார். குளிர்காலம் பாதுகாப்பானது என்று சொல்ல ஆறும் விடவில்லை. 1598-இல் கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முந்திய நாள் திபேர் பெருகி, பழைய பாலமொன்றின் பாதியை அடித்துச் சென்றது. தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் வெள்ளம் தொட்ட அடையாளக் கல்லை, மினெர்வாவின் மேல் அமைந்த தூய மரியா ஆலயத்தின் முகப்பில் காணலாம். 1870 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின்னரே இன்றுள்ள உயர்ந்த கரைச்சுவர்கள் எழுந்தன.

நம் சொந்த நினைவு ஒன்றையும் இங்கே எழுத வேண்டும். 2011-ஆம் ஆண்டு இருபதுக்கும் மேற்பட்டோர் கொண்ட திருப்பயணக் குழுவுடன் நாம் உரோமைக்குச் சென்றோம். சென்றது ஆகஸ்டில். மாதத்தை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. குழுவில், தூத்துக்குடிக் கடற்கரையைச் சேர்ந்த எழுபதைக் கடந்த தாய் ஒருவர் இருந்தார். கணவரையும் ஒரு மகனையும் இழந்தவர். பனிமய அன்னையின் திருநாளாகிய ஆகஸ்டு 5 அன்று, அத்திருநாள் பிறந்த உரோமைப் பேராலயத்தில் நிற்க வேண்டும் என்பது அவரது நேர்ச்சை. அதற்காகச் சொந்த ஊர்த் திருவிழாவை வாழ்நாளில் முதன்முறையாக விட்டு வந்தார். “அக்டோபரில் போகலாமே அம்மா, வெயில் இராதே” என்று நாம் சொன்னபோது, “அக்டோபர்ல மாதா திருநாள் வருமா சாமி?” என்று கேட்டார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. மற்றவர்களும் அவருக்காக இணங்கினர்.

வெயில் நாம் அஞ்சியதைவிடக் கொடிதாக இருந்தது. நம் ஊர் வெயில் பழகியவர்கள்தாமே என்ற இறுமாப்பு முதல் நாளே அடங்கியது. கல் பாவிய வெளியும் கல் சுவர்களும் இரவிலும் சூடு கக்கின. தூய பேதுரு சதுக்கத்தின் வரிசையில் நின்றிருந்தபோது அந்தத் தாய் மயங்கிச் சாய்ந்தார். தூண் நிழலுக்குத் தூக்கிச் சென்று, அருகிலிருந்த குழாயின் குளிர்ந்த நீரை முகத்தில் தெளித்தோம். அந்த அரைமணி நேரத்தில் நாம் எண்ணியவை பல. அவர்தம் மகளிடம் என்ன சொல்வோம் என்பது அவற்றுள் முதன்மையானது. அதற்கிடையே குழுவில் சிலர், திருத்தந்தை ஊரில் இல்லையாமே என்று முணுமுணுத்தனர். பதினாறாம் பெனடிக்ட் கஸ்தெல் கந்தோல்போவில் இருந்தார். கடைகள் பாதி அடைத்திருந்தன. ஆகஸ்டு 15-ஐ ஒட்டி உரோமையர் நகரைவிட்டே கிளம்பிவிடுவர். பேரரசர் அகுஸ்துஸ் தொடங்கிவைத்த ஓய்வுநாள்களின் தொடர்ச்சி அது. ஊர்க்காரர்கள் எல்லாரும் வெளியேறும் மாதத்தில் நாம் வந்து இறங்கியிருந்தோம்.

ஐந்தாம் நாள் காலை மேரி மேஜர் பேராலயத்திற்குச் சென்றோம். நான்காம் நூற்றாண்டில் திருத்தந்தை லிபேரியுஸ் காலத்தில், ஆகஸ்டு 5 அன்று எஸ்குவிலின் குன்றின்மேல் பனி பெய்து ஆலயத்திற்குரிய இடத்தைக் காட்டியது என்பது மரபு. இக்கதை எழுத்தில் காணப்படுவது பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே என்பதையும், இப்போதுள்ள பேராலயம் ஐந்தாம் நூற்றாண்டில் மூன்றாம் சிக்ஸ்துஸ் காலத்தது என்பதையும் குருமடத்தில் படித்திருந்தோம். வரலாறு என்ற அளவில் அதை நாம் வற்புறுத்துவதில்லை. ஆயினும் அந்த வெக்கையில் நின்றபோது வேறொன்று தோன்றியது. கல்லறைக் கல்வெட்டுகள் காட்டும் அந்தக் கொடிய மாதங்களின் வாயிலில் நின்ற ஒரு நகரம் வானத்திலிருந்து எதை வேண்டியிருக்கும்? குளிர்ச்சியைத்தானே!

வானவர் கீதம் பாடப்படுகையில், பொன் பூசிய மேற்கூரையின் நடுவே ஒரு சிறு பலகை விலக, வெண்ணிற மலரிதழ்கள் மெல்லச் சுழன்று இறங்கத் தொடங்கின. மக்கள் கைகளை நீட்டினர். முந்திய நாள் மயங்கி விழுந்தவர் முன்னால் நின்று, முந்தானையை விரித்துப் பிடித்திருந்தார். திருப்பலி முடிந்து வெளியே வந்ததும் அவர் நம்மிடம் சொன்னது இதுதான்: “பனின்னு சொன்னாங்க சாமி. நம்ம தேருக்குப் போடுற பூ மாதிரில்லா இருக்கு.” சில இதழ்களைச் செபப்புத்தகத்தின் உள்ளே வைத்து ஊருக்குக் கொண்டுபோனார். அப்புத்தகத்தைப் பின்னர் அவரது அடக்கத்தின்போது பெட்டியில் வைத்தனர்.

ஆசிரியர் இணையருக்கு மறுவாரம் மீண்டும் சொன்னோம். சூலை, ஆகஸ்டு இப்போது முன்னைவிடக் கொடிது. 2023 சூலையில் வெப்பம் 40 பாகையைக் கடந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. வரிசைகளில் நிற்க இயலாது. 2024 கிறிஸ்து பிறப்பு இரவுக்கு முன் திறக்கப்பட்ட யூபிலிக் கதவும் 2026 சனவரி 6 அன்று அடைக்கப்பட்டுவிட்டது. ஆதலால் அதற்கென விரைய வேண்டியதில்லை. அக்டோபர் முதற்பாதியில் உரோமையர் தாமே ‘ஒத்தோபிராத்தா’ என்று பெயரிட்டுப் போற்றும் தெளிந்த நாள்கள் அமையும். முற்காலத்தில் அந்நாள்களில் குடும்பம் குடும்பமாகத் திராட்சைத் தோட்டங்களுக்குச் சென்று உண்டு களிப்பர். மாத இறுதியில் மழை தொடங்கும்; நவம்பரில் வலுக்கும். ஏப்ரலும் நன்றே. ஆனால் புனித வாரத்தில் கூட்டமும் விடுதிக் கட்டணமும் தாங்கா.

ஆசிரியர் குறித்துக்கொண்டார். அம்மையார் மட்டும், பிரான்சிஸ் திருத்தந்தையை அடக்கம் செய்த கோயில் எது என்று கேட்டார். மேரி மேஜர் பேராலயம்தான் என்றோம். 2025 ஏப்ரல் 26 அன்று அங்கே அவரை அடக்கம் செய்தனர். அங்கே எல்லா மாதமும் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றோம். அக்டோபர் இரண்டாம் வாரத்திற்குச் சீட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆளுக்கொரு குடை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.